கறுப்புக் கண்ணாடியும் நான் பார்த்த மீனும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. ஒருவர் துரை, அதாவது தோட்ட நிர்வாகி. மற்றவர், பதுளை ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்துக்கொண்டு வந்தவர். மூன்றாவதாக ஒருவர் போட்டுக்கொண்டு நடந்தால், அவர் துரை இல்லை என்பது ஊருக்கே தெரியும் என்பதால், ஆபரேஷன் என்று தீர்மானித்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலில் வந்து நிற்பார்கள். "எப்ப ஆபரேஷன்? வலிச்சுதா? இது எத்தன வெரலு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டு, நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் கொண்டுவந்த பிஸ்கட்டில் பாதியை அவர்களே தின்றுவிடுவார்கள்.

வெயிலுக்குக் கண்ணாடி போடுவது என்பது எங்கள் பக்கம் யாருக்கும் தோன்றாத விஷயம். நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறோம். பாதி நாள் மூட்டம், மீதி நாள் மழை. எப்போதாவது வெயில் அடித்தால் துணி காயப்போடுவோமே தவிர, அதோடு சண்டைக்குப் போக மாட்டோம்.

நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறுகிற வரைக்கும் என் தலையில்தான். காலையில் முதல் வேலை, முந்தின நாள் தூளை ஊறவைத்து, வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி, வடக்கு ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்துச் சாயத்தைப் பார்ப்பது. வாய்க்குக் கொஞ்சம் வேலை, மூக்குக்குக் கொஞ்சம் வேலை. மற்றதெல்லாம் கண். செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் சரி. கலங்கி நின்றால் எங்கேயோ தப்பு. இதை முப்பது வருஷமாகச் செய்கிறேன். "டீமேக்கர் ஐயாட கண்ணு" என்று ஆட்கள் சொல்லும்போது, கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே கேட்டுக்கொள்வேன்.

அந்தக் கண்ணில்தான் போன வருஷம் ஒரு சந்தேகம் விழுந்தது. எங்கள் தூளை விற்றுக்கொடுக்கிற கொழும்புக்காரர்கள் இரண்டு தடவை "சாயம் மங்கல்" என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டு தடவையும் அது பளிச்சென்று இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தூள். கடிதங்களை மேசை இழுப்பறையில் அடியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் கோப்பைகளைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு அவை கோப்பைகளாக இருந்தன. இடது கண்ணுக்கு வெள்ளைக் கோப்பையே கொஞ்சம் பழுப்பாக இருந்தது. பிறகு இரண்டு கண்ணையும் திறந்து, அன்றைய தூளும் பிரமாதம் என்று எழுதி வைத்தேன். பயம் என்றால் அப்படியொரு பயம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அவளிடம் ஒரு செய்தி விழுந்தால், மத்தியானம் பால் கொடுக்க வருகிற தாய்மாரோடு அது மலை முழுக்க ஏறிவிடும்.

இப்படி நான் ஒற்றைக் கண்ணை மூடித் திறந்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகளிடமிருந்து போனில் செய்தி வந்தது.

மகள் பொத்துவில் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்த பிள்ளை. பத்தொன்பது வயதுவரை கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தாள். அங்கே போய் முதலில் நீந்தப் பழகினாள். பிறகு விடுதிக்காரர்கள் வைத்திருந்த சின்னப் பாய்ப்படகை ஓட்டப் பழகினாள். விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போக ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று விடுதியில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சோதனையில் தேறினால் அந்த வேலை அவளுக்கு. கரையிலிருந்து தனியாகப் புறப்பட்டு, கடலில் மிதக்கவிட்டிருக்கிற செம்மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை அவள் தேறவில்லை. கிழக்குக் கரை, காலைச் சூரியன் கடலுக்கு மேலே நேர் எதிரே நிற்கும். பாயின் அடியில் இருக்கிற குறுக்குக் கம்பம் திரும்பும்போது அவள் தலையில் தட்டி, போட்டிருந்த கண்ணாடியைக் கடலில் தள்ளிவிட்டது. தண்ணீர் முழுக்கத் தகடாக மின்னியதில் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. எதையோ பார்த்து, மிதவைதான் என்று நம்பி, மிக அழகாகச் சுற்றித் திரும்பிவிட்டாள். அது யாரோ ஒரு மீனவர் வலைக்கு அடையாளமாகக் கட்டிவிட்டிருந்த பழைய எண்ணெய்க் கேன்.

இரண்டாவது சோதனை சனிக்கிழமை. அதிலும் விட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் விடுதிக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். கடற்கரையில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கிற கண்ணாடிகளை அவள் நம்பவில்லை. அதனால் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அதை நான் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன்.

"அப்பா, நல்லா கேளுங்க. பொலரைஸ்ட் கண்ணாடி வேணும். தண்ணியில பட்டு வர்ற வெளிச்சத்த அதுதான் வெட்டும். வெறும் கறுப்பு எதையும் வெட்டாது, எல்லாத்தையும் இருட்டாக்கும், அவ்வளவுதான். அதனால ரொம்பக் கறுப்பா வேணாம். பக்கத்தால வெளிச்சம் நொழையாம மொகத்தோட ஒட்டி வளஞ்சு இருக்கணும். லேசா இருக்கணும். யூவீ நானூறுன்னு போட்டிருக்கணும். பின்னால கட்ட ஒரு கயிறு. நெறம் பிரவுனோ சாம்பலோ, எதுன்னாலும் பரவால்ல. நெறத்தப் பாத்து மட்டும் எடுத்துறாதீங்கப்பா."

கடைசி வாக்கியம் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. முப்பது வருஷம் நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கியவனிடம் சொல்கிற பேச்சா அது? தூள் மாதிரிக்கு ஒட்டுகிற லேபல் ஒன்றின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நிறம் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

வியாழக்கிழமை பதுளைக்கு இறங்கினேன். பஜார் பக்கம் கைக்கடிகாரம், குடை, கண்ணாடி எல்லாம் விற்கிற ஒரு முஸ்லிம் கடைக்காரர், நானா, இருக்கிறார். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அவர் விற்றதுதான்; இன்றைக்கும் சரியாக ஓடுகிறது, ஆகவே நம்பகமான மனிதர். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு தட்டு நிறையக் கண்ணாடிகளை எடுத்து வைத்தார்.

"பெட்டி மழையில நனைஞ்சு ஸ்டிக்கரெல்லாம் கழண்டு போச்சு ஐயா. எது பொலரைஸ்ட், எது சும்மா வெயில் கண்ணாடின்னு போட்டுப் பாத்துத்தான் சொல்லணும். வெளிய போய் அந்தக் காரைப் பாருங்க. கார்க் கண்ணாடியில அடிக்கிற வெளிச்சம் அடங்கி உள்ள சீட்டுத் தெரிஞ்சா, அதுதான் உங்க மகளுக்கு வேணும்."

நல்ல யோசனை. ஆனால் வெளியே போக முடியாது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் வரிசையாக எனக்குத் தெரிந்த தலைகள். நடுரோட்டில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று, யாரோ ஒருவருடைய காருக்குள் நான் எட்டிப் பார்ப்பதை அவர்கள் பார்த்தால் போதும். டீமேக்கர் கண் போச்சு என்ற செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். இல்லாத ஆபரேஷனுக்குப் பிஸ்கட் வந்தால்கூடப் பரவாயில்லை. என் பயம் இருந்த இடத்திலேயே அவர்கள் கையை வைப்பார்கள்.

"இங்கயே பாத்துக்கிறேன் நானா" என்றேன்.

கடைக்கும் வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா? கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. கழுவித் துடைத்த சிலேட் மாதிரி ஒரு உயிரும் இல்லை. அடுத்து எடுத்ததில் என் கை அப்படியே நின்றுவிட்டது. செம்பு நிறம். நல்ல பருவத்தில் நல்ல கொழுந்து வந்து இறங்கிய நாளில் கோப்பையில் நிற்கிற அந்தச் சாயம். என்னை அறியாமல் அதை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டேன். நானா எதையும் காணாதவர் மாதிரி குடைகளை அடுக்கினார். லேபலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வளைந்திருந்தது. லேசாக இருந்தது. கைப்பிடியின் உள்பக்கம் யூவீ நானூறு என்று அச்சடித்திருந்தது. கயிறு மாட்டத் துளையும் இருந்தது.

"பொலரைஸ்டான்னு பாக்க வேணாமா?" என்று நானா கேட்டு, சாம்பல் பூசிய மாதிரி இருந்த ஒரு சின்ன அட்டைத் துண்டை நீட்டினார். "இதுக்குள்ள ஒரு படம் மறைஞ்சிருக்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பொலரைஸ்டா இருந்தா படம் தெரியும். போட்டுட்டுப் பாருங்க."

செம்பு நிறக் கண்ணாடியைப் போட்டேன். அட்டையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கிட்டப் பிடித்தேன். சாய்த்தேன். வெறும் சாம்பல்.

கண்ணாடியில் குறை என்று சொல்லியிருக்கலாம். எந்த மனிதனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அட்டை அதற்காகத்தானே இருக்கிறது? ஆனால் எனக்கு அந்த நேரம் கண்ணாடி ஞாபகமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் பலகையைக் காட்டி எழுத்து வாசிக்கச் சொல்வார்களே, அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வந்துவிட்டது, அவ்வளவுதான், இனி மறைக்க முடியாது என்று நினைத்தேன்.

"படம் தெரியுதா ஐயா?"

"ஓ, தெரியுது."

"என்ன படம்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கடலுக்குப் போகிற கண்ணாடி; அதைச் சோதிக்கிற அட்டையில் வேறு என்ன போட்டிருப்பார்கள்?

"மீன்" என்றேன்.

நானா என்னைப் பார்த்தார். "மீனா?"

"நல்ல பெரிய மீன். வாலத் தூக்கிக்கிட்டு நிக்குது."

அவர் ஒரு இருமல் இருமினார். அது சளி இருமல் இல்லை என்று இப்போது தெரிகிறது. "எதுக்கும் இந்தச் சாம்பல் கண்ணாடியையும் ஒருக்கா போட்டுப் பாருங்களேன்" என்று மெல்ல அதை என் பக்கம் தள்ளினார்.

"வேணாம் நானா. இதுலயே செதிலு வரைக்கும் தெரியுது."

நானா முப்பது வருஷப் பழக்கம்; மரியாதை தெரிந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நான் கேட்காமலே அந்த அட்டைத் துண்டையும் உள்ளே போட்டார்.

"இது எதுக்கு?"

"இருக்கட்டும் ஐயா. கடலுக்குப் போன பொறகு அந்த மீன இன்னொரு தடவ பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை காலை பசறை, மொனராகலை வழியாகப் பஸ் பிடித்தேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "கண்ணாடிய எங்கயாச்சும் பஸ்ஸில விட்டுட்டுப் போயிராதீங்க, அது அவளுக்கு உசுரு" என்று நாலு தடவை சொல்லி அனுப்பினாள். மொனராகலை தாண்டியதும் மூட்டம் போய்விட்டது. வெயில் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. லாகுகலை குளத்தைக் கடக்கும்போது தண்ணீர் முழுக்கப் பற்றி எரிந்தது. என்னைத் தெரிந்தவர் ஒருவரும் பஸ்ஸில் இல்லை என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பெட்டியைத் திறந்து கண்ணாடியைப் போட்டேன்.

குளம் செம்பு நிறத்தில் பற்றி எரிந்தது. அதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. அடியில் இருக்கிற தாமரைத் தண்டு, மீன், எருமை எதுவும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். பொத்துவில் வரும்வரை, கண் இல்லாத டீமேக்கருக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். கேட் காவல்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

நாலு மணிபோலப் போய்ச் சேர்ந்தேன். மகள் படகுகள் வைத்திருக்கிற கொட்டகைப் பக்கம் ஓடிவந்தாள். கறுத்துப்போய், கையெல்லாம் கயிறு அறுத்த தழும்போடு இருந்தாள். பெட்டியைத் திறந்தவுடன், "ஐயோ, என்ன அழகு!" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துவிட்டது. போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம் சாய்த்தாள்.

"அப்பா, இது பொலரைஸ்ட் இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"தலையச் சாய்ச்சா தண்ணி மேல இருக்கிற வெளிச்சம் மாறணும். மாறல. இது சும்மா கலர் கண்ணாடி. கடையில டெஸ்ட் பண்ணிப் பாக்கலயா?"

பெட்டிக்குள் இருந்த அட்டை அவள் கையில் அகப்பட்டது. அவளுக்குப் பாய்ப்படகு பழக்குகிறவர், சோதனை வைக்கப்போகிறவரும் அவர்தான், பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். பொத்துவில்காரர், என் வயதிருக்கும். அவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டு அட்டையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினாள்.

அட்டைக்குள் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. பச்சைக் கிளி. வாலை நன்றாகக் கீழே தொங்கவிட்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொத்துவில்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். என் கண் போகவில்லை! கிளி தெரிகிறது! கண்ணாடிதான் தப்பு! இரண்டு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த சாக்கை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மகளுக்கு மறுநாள் காலை சோதனை, போடக் கண்ணாடி இல்லை, கெடுத்தவன் நான். இதெல்லாம் தெரிந்தும் அந்தச் சந்தோஷத்தை என்னால் அடக்க முடியவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் மீன்னு சொல்லிட்டேம்மா."

"என்ன?"

படகுக் கொட்டகை வாசலில் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடை, ஜன்னல், பஸ்ஸில் இருந்த தலைகள், மீன், செதில். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. இழுப்பறையில் கிடக்கிற கடிதங்களையும், இடது கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிற கோப்பையையும் சொல்லிவிட்டேன். கிளியை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னாள். வலது கண்ணுக்குப் பச்சைக் கிளி. இடது கண்ணுக்கு அது வெயிலில் காய்ந்த கிளி. என் சிரிப்பு அங்கேயே நின்றது.

அவளுக்குக் கோபம் வந்தால் அவள் அம்மா மாதிரி குரலை ஏற்ற மாட்டாள், இறக்குவாள். "தெரியலன்னா தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. அந்த நானா வேற கண்ணாடி குடுத்திருப்பாரு. நீங்க அப்பயே டாக்டர்கிட்டயும் போயிருப்பீங்க." கோப்பையைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், மறுநாள் அந்தக் கோப்பைக்கு முன்னால் வேறு ஒருவன் நிற்பான். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் படகைக் கழுவினாள்.

பொத்துவில்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "கவலப்படாதீங்க ஐயா. நாளைக்கு என்ட கண்ணாடிய உங்கட மகளுக்குக் குடுக்கிறன். நான் கரையில நிண்டு பாக்கிறதுதானே, சமாளிப்பன்" என்றார். அவர் கண்ணாடி மகளுக்குக் கொஞ்சம் பெரிது. என் சப்பாத்தின் நாடாவைக் கழற்றி, இரண்டு கைப்பிடியிலும் கட்டி, தலைக்குப் பின்னால் இறுக்கிக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன். அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது. இரண்டு நாளும் ஒரு சப்பாத்து வாயைப் பிளந்துகொண்டே நடந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் புறப்பட்டாள். பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கடலுக்கு மேலே சூரியன் நேர் எதிரே நின்றது. படகு சின்னதாகிக்கொண்டே போய், மினுங்குகிற இடத்துக்குள் நுழைந்து காணாமல் போய்விட்டது. பொத்துவில்காரர் என் செம்பு நிறக் கண்ணாடியைப் போட்டிருந்தார். "நெறம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கையைப் புருவத்தில் வைத்து அப்படியும் இப்படியும் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மினுக்கத்துக்குள்ளிருந்து பாய் திரும்பி வருவது தெரிந்தது. சுற்றிவிட்டாளா? மிதவையையா, எண்ணெய்க் கேனையா? பொத்துவில்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்கட கண்ணு பேர்போன கண்ணு எண்டு மகள் சொல்லுவா. அவ மிதவையச் சுத்தினது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

ஒரு வார்த்தை. "தெரிஞ்சுது" என்று சொன்னால் அவள் தேறிவிடுவாள். அவள் சுற்றியிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. முந்தாநாள் ஒரு கிளியையே மீனாக்கியவனுக்கு இது என்ன பெரிய காரியம்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஆனால் முந்தின நாள் அவள் இறக்கிப் பேசிய அந்தக் குரல் காதில் இருந்தது. இன்றைக்கு நான் பொய் சொல்லி அவள் தேறினால், நாளைக்கு அந்தப் படகில் யாருடைய பிள்ளைகளோ ஏறுவார்கள்.

"தெரியலைங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. ஒரு கண்ணு சரியில்ல."

அவர் அந்தச் செம்பு நிறக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் தெரியல்ல ஐயா. நீங்க தெரிஞ்சுது எண்டுதான் சொல்லுவீங்க எண்டு நெனச்சன்" என்றார். பிறகு விசிலை எடுத்து ஊதினார்.

கரைக்கு வந்த மகளிடம் மறுபடியும் போகச் சொன்னார். இந்தத் தடவை தானும் எஞ்சின் படகில் தள்ளிப் பின்னால் வருவதாகச் சொன்னார். "ஏன்? நான் சரியாத்தானே சுத்தினேன்!" என்று அவள் கத்தினாள். "நீ சுத்தியிருப்பாய். ஆனா உன்ட அப்பாக்குத் தெரியல்லயாம்" என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பார்வை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு படகைத் திருப்பினாள்.

இரண்டாவது தடவை நான் தனியாகக் கரையில் நின்றேன். மினுக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். எனக்கு அது நமுனுகுல மலை ஏறி இறங்குகிற நேரமாகத் தோன்றியது. கடைசியில் முதலில் வந்தது எஞ்சின் படகு. பொத்துவில்காரர் அதில் நின்றபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அவருக்குப் பின்னால் பாயை நிமிர்த்திக்கொண்டு மகள் வந்தாள்.

படகிலிருந்து குதித்து நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பா, நான் சுத்துனதப் பாத்தீங்களா?"

எந்த அப்பாவும் பார்த்தேன் என்றுதான் சொல்வான். "இல்லம்மா. தெரியல" என்றேன்.

அவள் தலைக்குப் பின்னால் கையை விட்டு என் சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணாடியைப் போத்தல் தண்ணீரில் கழுவி என் கண்ணில் வைத்து, "இப்ப பாருங்க" என்றாள். மினுக்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. தூரத்தில் ஒரு எண்ணெய்க் கேன். அதற்கு இந்தப் பக்கம் செம்மஞ்சளாக மிதவை. இவ்வளவு நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். கண்ணாடி இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, வருகிற வழியில் செம்பு நிறக் கண்ணாடியை என்ன செய்வது என்று யோசித்தேன். நானாவிடம் திருப்பிக் கொடுக்க முகம் இல்லை. தோட்டத்து பஸ்ஸில் ஏறும்போது அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் பேச்சு ஒரு நிமிஷம் நின்று மறுபடியும் தொடங்கியது. நான் வீட்டுக்குப் போய் முகம் கழுவி முடிக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலில் நின்றார். மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீமேக்கர் ஐயா, எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. நாளைக்கு மொத ஆளா பதுளைக்குப் போறேன். எடது கண்ணு" என்றேன். "உள்ள வாங்க. பிஸ்கட்டப் பிரிங்க, நான் தேத்தண்ணி ஊத்துறேன். சாயம் எப்படி இருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."